மைத்துனர் கையில் குழாய்

ஜோன்ஸ் சங்கு குளிப்பவர். வயது ஐம்பத்து நான்கு. திரேஸ்புரத்திலிருந்து படகேறிச் சென்று, முப்பது ஆண்டுகள் கடலடியில் சங்கெடுத்தவர். நீருக்குள் இருப்பவருக்குப் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து ஒரு குழாய் வழியே காற்று வரும். அந்தக் குழாயைப் பிடிப்பவர் மனைவியின் உடன்பிறந்தவராக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தன் அக்காள் விதவையாவதை எந்தத் தம்பியும் விரும்பமாட்டான் அல்லவா? ஜோன்ஸின் குழாயை அவர் மனைவி பிலோமினாவின் தம்பி ரெக்சன் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தார்.

சென்ற ஆண்டு ஜனவரியில் ஒருநாள் முற்பகல், கடலடியில் காற்று நின்றது. ஜோன்ஸ் குழாயை மும்முறை இழுத்துச் சைகை கொடுத்தார். பதில் இல்லை. இடுப்பிலிருந்த ஈயப் பட்டையைக் கழற்றிவிட்டு மேலெழுந்தார். விரைந்து எழுந்ததால் வலக்கால் மரத்துப்போயிற்று. இனி ஆழத்தில் இறங்கினால் உயிருக்கு உறுதியில்லை என்று மருத்துவர் சொல்லியனுப்பினார்.

கயிற்றுச் சுருளுக்கடியில் குழாய் மடங்கிவிட்டது என்றார் ரெக்சன். ஜோன்ஸ் நம்பவில்லை. ரெக்சனின் மகள் ரீனாவைத் தம் மகனுக்கு எடுக்க இயலாது என்று அவர் மறுத்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. குழாயை வீட்டுக்குக் கொண்டுவந்து முழம் முழமாகத் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் மடிப்பின் தடம் இருந்தது. கயிறு அழுத்தியதா, கால் மிதித்ததா என்று அது சொல்லவில்லை. ரெக்சன் வீட்டிலிருந்து மீன்குழம்பு வந்தால் முதல் கவளத்தைப் பூனைக்கு வைத்தார். ஞாயிறு திருப்பலியில், மனத்தில் பாவத்தோடு வாங்கக்கூடாத நற்கருணை அப்பமாகிய நன்மையை வாங்க ரெக்சன் எழுகிறாரா என்று தூணோரம் நின்று கவனித்தார். தொடர்ந்து நான்கு வாரம் ரெக்சன் எழவில்லை. மனத்தில் பாவமில்லாதவன் ஏன் எழாமலிருக்கிறான்? ஜோன்ஸுக்கு அதுவே சாட்சியாயிற்று.

ஜூன் மாதத்தில் ஒரு காலை பிலோமினா பொறுமையிழந்தார்.

“மாதா ஒங்களுக்கு உசிரத் திருப்பித் தந்தது எந்தம்பி மூஞ்சிய உளவு பாக்கதுக்கா? அஞ்சு மாசம் போச்சு. பேரன் நடக்க ஆரம்பிச்சிட்டான். பாத்தியளா?”

அவர் பார்த்திருக்கவில்லை. மகள் வயிற்றுப் பேரன் முற்றத்தைக் கடந்து நடந்துவந்து அவருடைய மரத்த காலைப் பிடித்துக்கொண்டான். ஜோன்ஸ் அவனை மனைவியிடம் கொடுத்துவிட்டு நேரே ரெக்சன் வீட்டுக்குப் போனார்.

“ஏலே, மிதிச்சியா?”

“இல்ல அத்தான். போன் பேசிக்கிட்டிருந்தேன். ரீனாவுக்கு மணப்பாட்டுல ஒரு மாப்பிள்ள இருக்குன்னு சொன்னாவ. குழாய் மடங்குனதப் பாக்கல.”

“அத ஏன் அன்னைக்குச் சொல்லல?”

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்ல?”

“அதான் நன்மை வாங்கலியோ?”

“அதையும் பாத்தியளா? நீங்க கோயிலுக்குப் பூசை காண வந்தியளா, என்னியக் காவல் காக்க வந்தியளா?”

ஜோன்ஸ் முழுமையாக நம்பினார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஐயம் முழுதும் தீரும்வரை காத்திருக்கத் தம்மிடம் நாள்கள் இல்லை என்பதைக் கடலடியில் அந்த மூன்று இழுப்புகளின்போதே அவர் அறிந்திருந்தார்; கரையேறியபின் மறந்திருந்தது இப்போது நினைவுக்கு வந்தது.

அடுத்த பருவத்தில் தாமே சங்கு குளிக்கப்போவதாக ரெக்சன் சொன்னார். அவர் மனைவி எமில்டாவுக்கு உடன்பிறந்த ஆண்கள் இல்லை. “குழாய நீங்க பிடிங்க அத்தான்.”

உள்ளேயிருந்து எமில்டாவின் குரல் வந்தது. “யாரு, இவுகளா? எங்குழம்பப் பூனைக்கு வச்சுப் பாத்த மனுசன நம்பியா ஒங்கள எறக்கிவிட?”

“பூனை கொழுத்துத்தான் கெடக்கு, தாயி” என்றார் ஜோன்ஸ். எமில்டா சிரிக்கவில்லை.

அக்டோபர் முதல் ஜோன்ஸ் குழாய் பிடிக்கிறார். கைப்பேசியை வீட்டில் வைத்துவிடுகிறார். ரெக்சன் நீருக்குள் இருக்கும்வரை படகில் அவரிடம் எவரும் பேச்சுக்கொடுக்க முடியாது. கடலுக்குப் போகாத நாள்களில் பேரனோடு கரையில் நடக்கிறார். மரத்த காலுக்கும் பழகாத காலுக்கும் வேகம் ஒன்றாகவே இருக்கிறது.

எமில்டாவின் ஐயம் இன்னும் தீரவில்லை. படகு திரும்பும் வேளையில் கரைக்கு வந்து, கண்ணுக்குமேல் கைவைத்துத் தலைகளை எண்ணுகிறார். ஜோன்ஸ் அதைக் குறையாகச் சொல்வதில்லை. கரை தென்பட்டதும் ரெக்சனைப் படகின் முன்புறம் போய் எழுந்து நிற்கச் சொல்கிறார்.