ரப்பர் போட்டு அழித்தது

பழைய புத்தகங்களை மாற்றிக்கொள்ளும் இணையதளத்தில்தான் அவர் எனக்குப் பழக்கம். கூரியர் வேண்டாம், நேரில் மாற்றிக்கொள்வோம் என்று எழுதியிருந்தார். கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார். அறுபது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, அதன் பையில் சீவிய பென்சில் ஒன்று.

நான் கொடுத்த நாவலை வாங்கியதும் வேகமாகப் புரட்டினார். எதையோ தேடுவது போலிருந்தது.

"ஒரு கோடுகூட இருக்காதுங்க. ஓரத்துல நான் எழுதி வச்சிருந்ததை எல்லாம் நேத்து உக்காந்து ரப்பர் போட்டு அழிச்சிட்டேன்" என்றேன் பெருமையாக. அந்தத் தளத்தில் சுத்தமான பிரதிக்குத்தான் மதிப்பு.

அவர் முகம் வாடிவிட்டது. "அழிச்சிட்டீங்களா? வீட்டுல நான் ஒருத்தன்தாங்க. யாராச்சும் எழுதியிருந்தா, பக்கத்துல நானும் ரெண்டு வரி எழுதுவேன். பேசிக்கிட்டு இருக்க மாதிரி இருக்கும்."

அதற்குள் புதுக்கோட்டை பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தேன். புத்தகத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்து, பென்சில் அழுந்திய தடத்தைப் படிக்க முயன்றுகொண்டிருந்தார்.

அவர் கொடுத்த நாவலை பஸ்ஸிலேயே பிரித்தேன். யாரோ பேனாவில் எழுதிய குறிப்புகள். ஒவ்வொன்றின் கீழும் இவருடைய பென்சில் பதில். கடைசிப் பக்கத்தில் மட்டும் இவரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "அவ திரும்பி வந்திருக்கலாம்ல? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

படித்து முடித்ததும் அதன் கீழே பக்கம் நிறையப் பதில் எழுதினேன். புத்தகத்தைத் தளத்தில் மறுபடி போட்டிருக்கிறேன், 'ஓரங்களில் எழுதியிருக்கிறது' என்ற குறிப்போடு. மாதங்கள் ஆகிவிட்டன. யாரும் கேட்கவில்லை. அவரும்கூட.