வாரேனுங்ணா

வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்களுக்குப் புத்தி சொல்ல, ஒரு தடவையாவது வெளிநாட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயமெல்லாம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. பார்க்காதவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். பார்த்தவர் என்று இருந்தது பெரியப்பா ஒருவர்தான். கணபதியில் பம்ப்செட் உதிரிபாகக் கடை வைத்திருந்த அவர், ஏதோ கண்காட்சிக்காகச் சீனாவுக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தவர். அந்தப் பத்து நாளை வைத்துக்கொண்டு உலகத்தின் எந்த நாட்டைப் பற்றியும் பேசுவார். அத்தை போகவிருந்தது கனடாவுக்கு என்பது அவருக்கு ஒரு தடையாகவே தெரியவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. அப்பாவைப் பெற்றவர்கள் நான் பிறக்கும் முன்பே போய்விட்டதால், அவளை வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்தது எல்லாமே அப்பாவும் அம்மாவும்தான். எனக்கு அவள் பாதி அத்தை, பாதி அக்கா. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் இருந்த எங்கள் வீட்டில் நானும் அவளும் ஒரே கட்டிலில்தான் படுப்போம். காலையில் எனக்குத் தலை பின்னிவிடுவதும் அவள்தான், இழுத்து இழுத்துப் பின்னுவாள்.

பள்ளிக்கூட வேன் வந்து ஹாரன் அடித்ததும் நான் “போறேன்” என்று கத்திக்கொண்டு ஓடுவேன். அத்தை விடமாட்டாள். வேன்காரர் திட்டினாலும் பரவாயில்லை என்று கையைப் பிடித்து நிறுத்தி, “போறேன்னு சொல்லக்கூடாது கண்ணு, போயிட்டு வாரேன்னு சொல்லோணும்” என்பாள். அவசரத்தில் அது சுருங்கி, வெறும் “வாரேன்” ஆகிவிடும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்குமே அப்படித்தான். வீட்டை விட்டுக் கிளம்புகிறவரும் வாரேன் என்பார், போனை வைக்கப்போகிறவரும் வாரேன் என்பார். நிஜமாகவே வந்துகொண்டிருக்கிறவரும் அதையேதான் சொல்வார்.

அத்தைக்குக் கல்யாணம் முடிந்ததும் மாமா விடுமுறை தீர்ந்து முதலில் போய்விட்டார். விசா வர மாதக்கணக்கானது. வந்த பிறகு வீட்டில் நடந்தது இன்னொரு கல்யாணம் மாதிரிதான். கொப்பரை நிறுக்கும் தராசைக் களத்திலிருந்து தூக்கிவந்து வாசலில் வைத்து, அதன் மேல் சூட்கேஸ்களை ஏற்றி இறக்கினார்கள். அம்மா இடியாப்பம் மாதிரியான சந்தகை பிழியும் அச்சை உள்ளே வைப்பாள். எடை கூடிவிட்டது என்று அப்பா வெளியே எடுப்பார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அது மறுபடியும் உள்ளே போய்விடும். கொள்ளு, பருப்புப்பொடி, குக்கருக்கு மூன்று ரப்பர், கருப்பட்டி எல்லாம் அத்தையின் சேலைகளுக்கு நடுவில் பதுங்கிக்கொண்டன.

பெரியப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வரிசையாகப் புத்தி சொன்னார். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கக்கூடாது, சீனாவில் எல்லோரும் சுடுதண்ணீர்தான் குடிக்கிறார்கள். யாராவது சிரித்தால் பதிலுக்குச் சிரிக்க வேண்டும், ஆனால் பேச்சுக் கொடுக்கக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் வீட்டு விஷயம் ஒன்றும் சொல்லக்கூடாது. கடைசியாக, தாம் சொன்னதிலேயே முக்கியமானது என்ற தோரணையில் இதைச் சொன்னார்:

“அம்மணி, போய் எறங்குனதும் பாஸ்போர்ட்ட மாப்பிள்ளைகிட்டக் குடுத்துப்போடு. நீ எங்காச்சும் வெச்சுத் தொலைச்சுப்போட்டீன்னா அப்பறம் ஊருப்பக்கமே வர முடியாது.”

அத்தை “செரிங்க” என்றாள். எல்லாவற்றுக்கும் செரிங்கதான். அப்பா சொன்னது ஒன்றே ஒன்று. எந்த ஊராக இருந்தாலும் ஒரு வருஷத்தில் பழகிவிடும், அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட வேண்டும். அம்மா அத்தையைத் தனியாகச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள், நான் கதவு இடுக்கில் நின்று கேட்டேன்.

“போன்ல மட்டும் அழுதுபோடாத கண்ணு. உங்கண்ணன் தாங்கமாட்டாங்க.”

அதற்கும் செரிங்க. நானும் என் பங்குக்கு, பனியில் சறுக்காமல் நடக்க வேண்டும் என்று சொன்னேன். அதற்கு மட்டும் அத்தை சிரித்தாள், என் கன்னத்தைக் கிள்ளினாள். யோசித்துப் பார்த்தால் அன்றைக்குச் சொல்லப்பட்டதில் உருப்படியான புத்தி அது ஒன்றுதான்.

பீளமேடு ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டாள். அப்பாவிடம் வந்தபோது காலைத் தொட்டுக் கும்பிட்டு, “வாரேனுங்ணா” என்றாள். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். கதவு அவளை உள்ளே வாங்கிக்கொண்டு மூடியது. அதற்கு மேல் எங்களுக்கு அனுமதி இல்லை.

நான் வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனால் சாயங்காலம் வந்துவிடுவேன். அந்தக் கணக்கில் திரும்பும்போது காரில் கேட்டேன், அத்தை வாரேன்னு சொன்னாங்களே, எப்ப வருவாங்க என்று. எங்களோடு சாப்பிட வந்துகொண்டிருந்த பெரியப்பா ஈச்சனாரி தாண்டும்வரை சிரித்தார். அம்மாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “வாரேன்னா போறேன்னு அர்த்தம் கண்ணு” என்று விளக்கினாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. மூன்றாம் வகுப்பில் முதல் ரேங்க் எடுப்பவளுக்கு இதுகூடத் தெரியவில்லை. இனிமேல் இதில் ஏமாறக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அத்தை கூப்பிடுவாள். அப்பாவின் பட்டன் போனை ஸ்பீக்கரில் போட்டு டீப்பாய் மேல் வைத்துச் சுற்றிலும் உட்கார்ந்துகொள்வோம். முதல் சில வாரங்கள் அவள் நிறையப் பேசினாள். அடுப்பில் தீயே தெரியாதாம், மரங்களில் ஒரு இலைகூட இல்லையாம். பெரியப்பா வந்திருந்தால் கேட்பது ஒரே கேள்விதான்: “செட்டில் ஆயிட்டியா அம்மணி?” அவளும் “ஆயிட்டனுங்க” என்பாள். பெரியப்பா எங்களைத் திரும்பிப் பார்ப்பார், தாமே அவளைக் கொண்டுபோய்க் குடிவைத்தது மாதிரி.

அப்புறம் அவள் பேச்சு குறைந்தது. நாங்கள் கேட்டால் பதில் வரும், அவ்வளவுதான். என்னிடம் மட்டும் தோப்புக்கு மயில் வருகிறதா, தலை யார் பின்னிவிடுகிறார்கள் என்று கேட்பாள். கடைக்குப் போனாயா, கோயில் இருக்கிறதா என்று அம்மா கேட்டால், “அவங்க கூட்டீட்டுப் போனாத்தானுங்க” என்பாள். ஒரு தடவை பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, எங்கள் பக்கம் கேட்கிறதே, அது என்ன சத்தம் என்றாள். கிணற்று மோட்டார்தான் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் கேட்டு வளர்ந்த சத்தம் அவளுக்கு எப்படி மறந்தது என்று எனக்கு ஆச்சரியம். அது மறதி இல்லை என்று இப்போது தெரிகிறது. இன்னும் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருக்க அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

பொங்கல் முடிந்து சில நாள் இருக்கும். காய்ச்சலால் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வார நாள், காலை நேரம். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அம்மா உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. இடது கையால் எடுத்த அப்பா பழக்கத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

“அண்ணா, நான் வாரேனுங்ணா.”

எடுத்த எடுப்பில் அதுதான். நல்லா இருக்கீங்களா இல்லை, சாப்பிட்டீங்களா இல்லை. குரல் மிகவும் தணிந்திருந்தது, பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல. அப்பா பிட்ட தோசையைக் கையில் வைத்துக்கொண்டு போனையே பார்த்தார்.

“நான் வாரேனுங்ணா. கேக்குதுங்களா?”

“கேக்குது அம்மணி,” என்றார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, “செரி கண்ணு. ஒடம்பப் பாத்துக்க. ஞாயித்துக்கெழம பேசலாம்” என்றார்.

லைன் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம், “செரிங்ணா” என்று கேட்டது. அப்பா போனை அணைத்தார்.

அம்மா தோசைக்கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். “ஏனுங்க, புள்ள என்னங்க சொல்லுச்சு?”

“வாரேன்னுச்சு.”

“அப்பறம்?”

“வெச்சிருச்சு.”

உள்ளே தோசை கருகும் வாசனை வந்தது. அம்மா நகரவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்ததில், அம்மாவுக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நானே விளக்கினேன்: “வாரேன்னா போறேன்னு அர்த்தம்மா.” காரில் சிரித்ததுபோல் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சரியாகச் சொன்னதற்கு ஒரு சபாஷும் இல்லை. எனக்கு இருந்த மனக்குறையெல்லாம், அத்தை என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்துவிட்டாளே என்பதுதான்.

அப்பா பாதித் தோசையோடு கையைக் கழுவிவிட்டுத் தோப்புக்குள் போனார். மோட்டார் ரூமில் நிற்பது ஜன்னலில் தெரிந்தது. மோட்டார் ஓட்டும் மும்முனைக் கரண்ட் வராத நேரத்தில் அங்கே அவருக்கு என்ன வேலை என்று யோசித்தேன். மதியம் அம்மா போய்க் கூப்பிடும்வரை அங்கேயேதான் நின்றார்.

அடுத்த அமாவாசைக்கு அம்மா என்னைப் பஸ்ஸில் ஆனைமலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் வாங்கி, அங்கிருக்கும் கல்லில் அரைத்துப் பூசினாள். திருட்டுக் கொடுத்தவர்களும், அநியாயமாக எதையாவது பறிகொடுத்தவர்களும்தான் அப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். நம் வீட்டில் என்ன திருட்டுப் போச்சு என்று கேட்டேன். “ஒண்ணும் போகல, வா” என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. மிளகாய்க் காரம் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பாவிடம் வந்த மாறுதல் இன்னும் சின்னது. அன்றிலிருந்து அவர் வெளியே கிளம்பும்போது வாரேன் என்று சொல்வதை விட்டுவிட்டார். வீட்டை விட்டு இறங்கினாலும் போனை வைத்தாலும் “கெளம்பறேன்” என்பார். துக்க வீட்டில்தானே வாரேன் என்று சொல்லாமல் போவார்கள் என்று உறவில் சிலர் முகம் சுளித்தார்கள். வயதாக ஆக மனுஷனுக்கு இப்படி ஒவ்வொன்று வந்து சேரும் என்று நான் அதை அவருடைய மூக்குப்பொடிப் பழக்கத்தோடு சேர்த்துவிட்டேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அத்தை கூப்பிட்டாள். நன்றாக இருப்பதாகச் சொன்னாள். அழவில்லை. அதற்குப் பிறகும் எங்கள் யாரிடமும் அழுததில்லை, சொல்லி அனுப்பிய புத்தியை அவ்வளவு சுத்தமாகக் காப்பாற்றினாள்.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு அத்தை மகனோடு வந்திருந்தபோது அம்மாவிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். நான் வளர்ந்த பிறகு அது துண்டு துண்டாக என்னிடம் வந்தது. முதல் குளிர்காலம் முழுக்க வீட்டுச் சாவி அவளிடம் இல்லை. பாஸ்போர்ட் மாமாவின் அலமாரியில், பெரியப்பா சொன்னபடியே பத்திரமாகப் பூட்டி இருந்தது. அண்ணன் வாயால் ஒரு தடவை “வா” என்று கேட்டுவிட்டால் அதை வைத்துக்கொண்டு மாமாவிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டுவிடலாம் என்றுதான் அன்றைக்கு மாமா தூங்கும்போது கூப்பிட்டிருக்கிறாள். இப்போது அவளுக்கு வேலை இருக்கிறது, கார் ஓட்டுகிறாள். மாமாவும் அவளும் ஒரே வீட்டில் வேறு வேறு மாடியில் இருக்கிறார்கள். நல்லா செட்டில் ஆயிருச்சு என்று பெரியப்பா எல்லோரிடமும் சொல்கிறார்.

அடுத்த மாதம் நான் படிக்க ஜெர்மனிக்குப் போகிறேன். கொப்பரைத் தராசு மறுபடியும் வாசலுக்கு வந்துவிட்டது. பெரியப்பா தள்ளாத வயதிலும் வந்து உட்கார்ந்து சீனாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நேற்று அத்தை வீடியோவில் கூப்பிட்டாள். எங்கே சாமான் வாங்கலாம், எந்த மாதிரி சட்டை வேண்டும் என்று நான் எழுதிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அதெல்லாம் போனால் தானே தெரியும் என்றுவிட்டாள்.

“பாஸ்போர்ட்ட உன்ட்டயே வெச்சுக்க கண்ணு. ஆருகிட்டயும் குடுக்காத. அப்பறம், திரும்பி வரோணும்னு இருந்துச்சுன்னா வாரேன்னு சொல்லாத. டிக்கெட்ட எடுத்துப்போட்டு, இத்தன மணிக்கு எறங்கறேன்னு சொல்லு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. டீப்பாய்க்கு அந்தப் பக்கம் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து தோப்புக்குள் போனார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது. வந்த வேகத்தில், அன்றைக்கு மதியம்வரை மோட்டார் ரூமில் நின்ற முதுகும் கூடவே ஞாபகம் வருகிறது. அப்போது அத்தைக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஊரெல்லாம் விருந்து வைத்து அனுப்பியிருந்தார்கள். காய்ச்சலோடு உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சொல்லுக்கு ஓர் அர்த்தம்தான் தெரியும். அப்பாவுக்கு இரண்டும் தெரியும். தன்னால் தாங்க முடிந்த அர்த்தத்தை அவர் எடுத்துக்கொண்டார்.