வழியனுப்பச் சொன்ன கடிதம்

முகப்பேருக்குக் குடிவந்த மூன்றாவது நாள், தள்ளுவண்டிக்காரரிடம் கால் கிலோ போஞ்சி கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "போண்டாலாம் டீக்கடைல கேளுமா" என்றார். விரலால் சுட்டிக் காட்டினேன். "ஓ, பீன்ஸா" என்று அள்ளித் தராசில் போட்டபடியே, "மலையாளமா?" என்று கேட்டார். இல்லை, தமிழ்தான் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. இந்த இரண்டு வருடத்தில் ஆட்டோக்காரர்களும் வங்கி ஊழியரும் எங்கள் அடுக்ககத்தின் காவலாளியும் என்னைக் கேரளத்துக்கு அனுப்பிவைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணம் என்று சொன்னால் குரல் உடனே இளகிவிடும். ஒரு பரிதாபப் பார்வை வரும். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால் பல நாட்கள் நான் மலையாளியாகவே இருந்துவிடுகிறேன்.

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கும், என்னைப்போல இரண்டு மூன்று நாடு மாறியவர்களுக்கும் என்னைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போனேன். லெஸ்டர் நகரத்தில் மனநல ஆலோசனை படித்து, அங்கேயே பன்னிரண்டு வருடம் வேலை செய்தேன். கணவர் தூத்துக்குடிக்காரர். அவருடைய நிறுவனம் அம்பத்தூரில் புது அலுவலகம் திறந்தபோது அவரை இங்கே அனுப்பியது, நானும் வந்தேன். மாதத்தில் பாதி நாள் அவர் புனேயில் இருப்பார். எட்டாவது மாடி வீட்டில் நானும் மின்விசிறியும்தான். லிப்டில் சந்திக்கும் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்து ஆங்கிலத்தில் குட் மார்னிங் சொல்வார்கள். நானும் சொல்வேன். பல நாட்களில் நான் வாய்திறந்து பேசும் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் அதுவாகவே இருந்திருக்கிறது.

ஆறு மாதம் கழித்து, ஒரு பல் மருத்துவமனையின் மேல்மாடியில் இயங்கும் சிறிய ஆலோசனை மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மகிழ்ச்சியாக இருந்தது. லெஸ்டரில் என்னிடம் வந்தவர்கள் குஜராத்திகள், சோமாலியர்கள், வெள்ளைக்காரர்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நடுவில் இருப்பார். வருகிறவரின் பண்பாட்டை அறிந்து நடக்க வேண்டும் என்று எங்களுக்கு வருடா வருடம் பயிற்சி நடக்கும். உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள், துக்கத்தை எப்படி அனுசரிப்பீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கவனமாகக் கேட்போம். இங்கே அதெல்லாம் தேவைப்படாது என்று நினைத்தேன். தமிழச்சி தமிழர்களிடம் பேசப்போகிறேன், இதில் என்ன இருக்கிறது என்ற நினைப்பு. அந்த நினைப்போடுதான் கஸ்தூரி அக்காவுக்குக் கதவைத் திறந்தேன்.

கஸ்தூரி என்பது அவருடைய உண்மையான பெயர் அல்ல. எழுதிக்கொள்ளச் சொல்லி அனுமதி தந்தவர், பெயரை மட்டும் மாற்றிவிடச் சொன்னார். ஐம்பத்திரண்டு வயது. நெமிலிச்சேரிப் பக்கம் பல தலைமுறையாகப் பயிர் செய்த குடும்பம். வயலெல்லாம் மனைகளாகிவிட்ட பிறகு அம்பத்தூரில் ஓர் ஆடை நிறுவனத்தில் தைக்கப் போகிறார். நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு காலையில் அவருடைய கணவர், பைக்குக்கு ஏதோ சாமான் வாங்கப் பாடிக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினார். திரும்பி வரவில்லை. பைக் மட்டும் பாடி மேம்பாலத்துக்குக் கீழே பூட்டியபடி நின்றிருந்தது. போலீஸ், ஆஸ்பத்திரி, பிணவறை எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆளும் இல்லை, செய்தியும் இல்லை. அம்மா தூங்குவதில்லை, ஊசி கையில் ஏறுவதுகூடத் தெரியாமல் தைக்கிறார் என்று மகள்தான் கூட்டிவந்து விட்டுப்போனாள்.

முதல் நாளே சறுக்கினேன். அவரை ஆறுதல்படுத்த நினைத்து, "பயப்படாதீர்கள், கொஞ்ச நேரம் கதைப்போம்" என்றேன். எங்கள் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது. அவர் முகம் இறுகிவிட்டது.

"கத சொல்றதுக்கு நான் வர்ல மேடம். அவரு நெசமாத்தான் காணாப் பூட்டாரு."

நான் விளக்கினேன். அவர் தலையாட்டினார். கணவரின் பெயரைக் கேட்டேன்.  அவர், மகள் நிரப்பிய படிவத்தை என் பக்கம் தள்ளி, அந்த வரியின்மேல் விரலை வைத்தார். என் அம்மாவும் அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படியிருந்தும் அந்த நேரத்தில் எனக்கு அது புரியவில்லை. "பெயரைச் சொல்வதில் தயக்கம்" என்று ஆங்கிலத்தில் குறித்துக்கொண்டேன். போகும்போது அவர், "உனக்கு எந்த ஊரு? எத்தினி பசங்க?" என்று கேட்டார். பயிற்சி என் நாக்கை முந்திக்கொண்டது. "இங்கே உங்களைப் பற்றி மட்டும் பேசுவோம்" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

ஆனாலும் ஐந்து வாரம் வந்தார். அவரைத் தின்றுகொண்டிருந்தது கணவர் இல்லாதது மட்டுமல்ல. ஓரகத்தி வீட்டில் மஞ்சள் குங்குமத் தட்டு இவரிடம் வரும்போது ஒரு கணம் தயங்குகிறது. இவரைத் தாண்டினாலும் தப்பு, நீட்டினாலும் தப்பு என்பதுபோல. தாலியைக் கழற்றிவிடு, காரியத்தைச் செய்துவிடுவோம், உனக்கும் நிம்மதி என்று கொழுந்தன் சொல்கிறார். "நாளிக்கே வந்து நின்னார்னா அவருக்கு இன்னா பதில் சொல்றது?" என்று என்னிடம் கேட்டார். அவருக்கு அது நிஜமான கேள்வி. நான் அதை, இழப்பை ஏற்க மறுக்கும் மனநிலை என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறாவது வாரம் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்தேன். லெஸ்டரில் பலருக்கு உதவிய பயிற்சி அது. பிரிந்தவருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்வோம். சொல்ல நினைத்ததையெல்லாம் சொல்லி, கடைசியில் போய் வாருங்கள் என்று வழியனுப்பி வைக்கச் சொல்வோம்.

அவர் தாளைத் தொடவில்லை.

"உயிரோட கீறவருக்குக் காரியம் பண்ணச் சொல்றியா?"

"அப்படி இல்லை, இது ஒரு கடிதம்தான்."

"எங்கொழுந்தன் வாயால சொன்னாரு. நீ எழுதிக் குடுங்கிற. அவ்ளோதான் வித்தியாசம்."

குரலை உயர்த்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

ஆலோசகர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசிப் பார்க்க ஒரு மூத்தவர் இருப்பார்; எனக்கு இன்னமும் லெஸ்டரில்தான் அந்த மேற்பார்வையாளர் இருக்கிறார். மார்கரெட் என்ற அறுபது வயதுப் பெண்மணி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீடியோவில் பேசுவோம். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் குறைசொல்லவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "காணாமல் போனவர்களை உங்கள் மக்கள் எப்படி நினைவுகூர்வார்கள்? எனக்குத் தெரியாது, அதனால் கேட்கிறேன்" என்றார்.

எனக்குத் தெரியும்.  இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்து அவர் இரண்டுமுறை என் பெயரைக் கூப்பிட்டார்.

என் அண்ணா போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். பதினாறு வருடத்துக்கு மேலாகிறது. அப்போது நான் லெஸ்டரில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவித்தொகை கிடைக்கும் என்று அதிகாரிகள் வந்து சொன்னபோது, அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தார். கையெழுத்துப் போடவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரும் அண்ணாவை 'இருந்தார்' என்று சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை. அண்ணாவுக்கு ஒரு கடிதம் எழுதி வழியனுப்பு என்று யாராவது அம்மாவிடம் சொல்லியிருந்தால், அவரை நான் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன். என் வீட்டில் இத்தனை வருடமாக இருக்கிற ஒன்றை, வேலையறைக்குள் நுழையும்போது கழற்றி வெளியே வைத்துவிட்டிருக்கிறேன். துக்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் படித்து வாங்கிக்கொண்டவள்போல, இன்னொருத்தியின் முன்னால் தாளை நீட்டியிருக்கிறேன். லெஸ்டரில் எதிரே இருப்பவர் வேறு ஆள் என்பது பார்த்தவுடன் தெரியும், அதனால் கேட்போம். இங்கே ஒரே தமிழ் என்ற தைரியத்தில் நான் எதையும் கேட்கவில்லை.

அன்று மாலை அக்காவுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். "உங்களிடம் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். தவறு என்னுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள்." பதில் இல்லை. பத்து நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை மதியம், முன்பதிவு எதுவும் இல்லாமல், சாப்பாட்டுப் பையும் கையுமாக வந்து நின்றார். அரைநாள் விடுப்பு போட்டிருந்தார்.

"நீ மன்னிப்புலாம் கேட்டு எழுதிகினு கீற. எம் பொண்ணு படிச்சிக் காட்டுச்சி" என்றபடி உட்கார்ந்தார்.  "ஒண்ணு கேக்கறேன். உங்க ஊட்ல யாருனா இப்டி போய்க்கீறாங்களா?"

என்னைப் பற்றிப் பேசுவதில்லை என்ற விதி நினைவுக்கு வந்தது. அதை மீறினேன்.

"ஓம் அக்கா. என்ர அண்ணா."

"எத்தினி வருசம்?"

"பதினாறு."

"உங்கம்மா இன்னா பண்ணுது?"

ஊரில் பிள்ளைகளைத் தேடுகிற மற்ற அம்மாக்களோடு, அண்ணாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரப் பந்தலில் போய் உட்காருவார் என்று சொன்னேன். எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார். நிறையப் பேர் என்றேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அங்க கூட்டமா கீறாங்க. நான் இங்க ஒண்டியா கீறேன்."

 ஒண்டியாக இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். அன்று அரைமணி நேரம் இருந்தார். கடைசியில் அவர் சாப்பாட்டுப் பையைத் திறந்து எலுமிச்சம் சாதத்தைப் பாதியாகப் பிரித்து, டப்பாவின் மூடியில் எனக்கு வைத்தார். சாப்பிட்டேன்.

அதன் பிறகு வேறு விதமாக வேலை செய்தோம். அவர் கணவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதை முடிவு செய்வது எங்கள் வேலை இல்லை என்று ஒத்துக்கொண்டோம். தெரியாமலேயே நாளைக் கழிப்பது எப்படி என்பதுதான் வேலை. அக்காவை அதிகம் வதைத்தது, "உம் புருசன் எங்க?" என்ற கேள்வி. ஒவ்வொரு முறையும் வாய் குழறிவிடும். ஒரு பதிலைத் தயார் செய்தோம். நான் ஓரகத்திபோலவும் அத்தைபோலவும் கேட்பேன், அவர் சொல்வார். என் உச்சரிப்பைக் கேட்டு நடுவில் சிரித்துவிடுவார். அந்த அறையில் அவர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். "எங்க ஓரகத்தி இப்டி மரியாதையா கேக்க மாட்டாமா" என்பார்.

மாசியில் கொழுந்தன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். பத்திரிகையை அக்காவிடம் கொடுத்தபோதே, முகூர்த்த நேரத்தில் முன்னால் நிற்க வேண்டாம் என்று ஜாடையாகச் சொல்லிவிட்டார்கள். போகாமல் இருந்தால் தான் விதவை என்று அவரே ஒத்துக்கொண்டதாகிவிடும். "நீ வந்து பக்கத்துல குந்திக்கோ. வேற ஒண்ணும் வேணாம்" என்றார். மார்கரெட்டிடம் கேட்டேன்.  "நீ அங்கே யாராகப் போவாய்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "அப்படியானால் கவனமாகப் போய்வா" என்றார்.

ஆவடியில் ஒரு மண்டபம். வாசலில் சந்தனக் கிண்ணமும் குங்குமமும் வைத்திருந்த பெண், அக்காவைக் கண்டதும் தட்டைப் பாதியில் நிறுத்தினாள். அக்கா தானே கை நீட்டிக் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, தட்டை என் பக்கம் நகர்த்தினார்.  இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தோம். எதிர்பார்த்தபடியே, பட்டுப்புடவை கட்டிய ஒரு வயதான அம்மாள் திரும்பி, சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்கும்படி, "உம் புருசன் எங்கடி? எதுனா தெரிஞ்சிதா?" என்றார்.

"வர்ல அத்த. வந்தா நானே இட்டாந்து காட்றேன்."

குரல் உடைந்தது. ஆனாலும் முழு வாக்கியமும் வந்துவிட்டது. அந்த அம்மாள் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். தாலி கட்டும்போது அக்காவும் அட்சதை போட்டார். முதல் பந்தியிலேயே சாப்பிட்டோம். கை கழுவுமிடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். நான் சேலைத் தலைப்பு நனையாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு முகத்தைத் துடைத்து, "வாமா, போலாம்" என்றார்.

அவர் கணவர் இன்றுவரை வரவில்லை. அக்கா இப்போது மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். ஓரளவு தூங்குகிறார். தாலி கழுத்தில்தான் இருக்கிறது. கொழுந்தன் பேசுவதில்லை.

கல்யாணத்தன்று மதியம் வீடு திரும்பினேன். கணவர் புனேயில். மண்டபத்தில் கொடுத்த தாம்பூலப் பையைச் சமையல்கட்டு மேடையில் வைத்துப் பிரித்தேன். தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள் ஒரு துண்டு. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடமே அழைப்பு வந்தது.

"ஆற்ற கலியாணம் பிள்ளை?"

யாருடைய கல்யாணம் என்றால் என்ன சொல்வது? என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லக்கூடாது. சிநேகிதி என்று சொல்லவும் வாய் வரவில்லை. "தெரிஞ்ச ஆக்கள் அம்மா" என்றேன்.

"தாம்பூலம் தந்து விட்டிருக்கினம். அப்ப அங்க உனக்குச் சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ?"

"ஓம் அம்மா" என்றேன். "இருக்கினம்."

"அப்ப சரி. எனக்கு இனி யோசனை இல்லை" என்றார் அம்மா. அவர் குரலில் அப்படியொரு நிம்மதியைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அழைப்பு முடிந்த பிறகும் மேடையருகே நின்றுகொண்டிருந்தேன். வெற்றிலைக் காம்பில் இன்னும் ஈரம் இருந்தது. மடித்துக் கொடுக்க வீட்டில் யாருமில்லை என்பதால், ஒன்றை எடுத்துத் துடைத்து, பாக்கு வைத்து, நானே வாயில் போட்டுக்கொண்டேன்.