மாமனார் பார்க்க வந்த விளக்கு

என் மாமனார் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவரிடம் பழகியவர்கள் அவரை 'மெதுவா சார்' என்பார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு "மெதுவா, மெதுவா" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து அதிகம் வராது. பாவம், அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வண்டி வேகமாகப் போனால் தெருவிளக்கைச் சரியாகப் பார்க்க முடியாது. விஷயம் அவ்வளவுதான்.

பழைய தெருவிளக்கு என்றால் அவருக்குப் பைத்தியம். பெரிய சாலைகளில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். வீடுகள் மட்டுமே இருக்கும் குறுக்குத் தெருக்களில்தான், மாற்ற வந்தவர்கள் மறந்துபோன ஒன்றிரண்டு தப்பி நிற்கும். அதனால் அவருடைய மாணவர்களுக்குப் பெரிய சாலை வாய்ப்பதே அபூர்வம். "லெஃப்ட்ல திரும்புங்க. அந்தக் கம்பத்துகிட்ட நிறுத்துங்க" என்பார். கம்பத்தை உரசாமல் நிறுத்துவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. நெடுஞ்சாலையில் விட்டால் திருதிருவென்று முழிப்பார்கள்.

எங்கள் வீட்டு வாசலிலும் அப்படி ஒன்று இருந்தது. வார்ப்பிரும்புக் கம்பம், ஏணி சாத்துவதற்கு ஒரு குறுக்குக் கம்பி, வளைந்த கழுத்து, அதன் நுனியில் பச்சை எனாமல் பூசிய தட்டு. எங்கள் காதல் விவகாரம் வெளியே வந்தபோது, மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இங்கே பேச வந்தார். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். உள்ளே வந்தவர் என் சம்பளத்தைக்கூடக் கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டார்.

"உங்களைப் பாத்தா சரின்னார்? கம்பத்தைப் பாத்துச் சரின்னார்" என்று என் மனைவி வாருவாள். நானும் சிரிப்பேன்.

கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார். விளக்கு எரியும் நேரத்துக்குச் சரியாக வருவார். ஜன்னலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்வார். மகள் பேசப் பேச 'உம்' கொட்டுவார், கண் மட்டும் வெளியே இருக்கும். முதலில் இது வேடிக்கையாக இருந்தது. அவள் மாசமான பிறகு வேடிக்கை போய்விட்டது.

"அவர் என்னைப் பாக்க வரலீங்க. லைட்டைப் பாக்க வர்றார். அது இல்லன்னா இந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டார்."

"சும்மா இரு. அப்பாவைப் போய்..." என்று மழுப்பினேன். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்த விளக்கு பார்க்கத்தான் அழகு. வெளிச்சம் கம்பத்தடியிலேயே தீர்ந்துவிடும், எங்கள் கேட் படிக்கு எட்டாது. ஏழாம் மாதத்தில் ஒரு ஞாயிறு, அவரை வழியனுப்ப வந்தவள் படி தெரியாமல் தடுமாறினாள். நல்லவேளை, நான் பிடித்துக்கொண்டேன். எனக்கு உயிரே போய் வந்தது. மாமனார் படியைப் பார்த்தார், பிறகு அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். அப்படியே கிளம்பிப் போய்விட்டார்.

"பாத்தீங்களா, நான் விழப்போறேன், அப்பவும் அவர் லைட்டைத்தான் பாக்கறார்" என்று அழுதாள். எனக்கும் மாமனார் மேல் அன்று கெட்ட கோபம்.

அந்த வாரமே ஒரு காலையில் வெளியே ஏணி சாத்தும் சத்தம். நகராட்சி ஆள் ஒருவர் கம்பத்தில் ஏறி நின்றிருந்தார். என் மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"அதைக் கழட்டாதீங்க. இது போயிட்டா எங்கப்பா வரவே மாட்டார்."

ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். மாமனார்தான். தெருமுனையில் அவருடைய கார் நின்றது, உள்ளே ஒரு மாணவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, வேணாம்னு சொல்லுங்கப்பா."

"நான்தாம்மா மாத்தச் சொன்னேன். போன் பண்ணிப் பாத்தேன், யாரும் வரல. நேர்ல போய்க் கையோட கூட்டிட்டு வந்துட்டேன்."

"ஏன்ப்பா?"

"உனக்குப் படி தெரியலையே."

மேலே இருந்தவர் பச்சைத் தட்டைக் கழற்றி இறக்கினார். "சார், வேணும்னா நீங்க எடுத்துக்கங்க."

"வேணாம்ப்பா. மேல இருந்தாத்தான் அது விளக்கு. வீட்டுக்குக் கொண்டுபோனா வெறும் தட்டு." ஏணியை விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்து காரில் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்தே என் மனைவி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கேட்டால், காலுக்கு நல்லதாம். பொழுது சாய்ந்து புது விளக்கு எரிந்தது. படியின் உடைந்த ஓரம்கூடப் பளிச்சென்று தெரிந்தது.

மாமனார் வந்தார். மேலே பார்க்கவில்லை. வழக்கமான நாற்காலியை இழுத்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திருப்பிப் போட்டு, மகளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லும்மா. டாக்டர் என்ன சொன்னாங்க?"