பாவம், அந்தக் கை

"இருங்க, இருங்க! அப்படியே நில்லுங்க, கையை எடுத்துடாதீங்க!" என்று கத்திக்கொண்டே தாரால்ட் ஹெல்லெலாண்ட் என் கடைக்குள் நுழைந்தார். ஆணிப் பீப்பாயின் மூடியை நெம்பிக்கொண்டிருந்த நான் வெலவெலத்துப்போய் நின்றுவிட்டேன். மனிதர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து, என் மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கட்டைவிரலில் எங்கே அழுந்துகிறது என்று ஆராய்ந்தார். பிறகு உச்சுக்கொட்டி, "பாவம், அந்தக் கை" என்றார். கைக்குத்தான் பாவம். கைக்குச் சொந்தக்காரியான எனக்கு ஒரு வணக்கம்கூடக் கிடையாது.

அவர் யாரையும் முகத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. மீன் இறங்குகிற படகுத்துறையில் நின்றுகொண்டு, கூடை தூக்குகிற கை, கயிறு முடிகிற கை, கத்தி தீட்டுகிற கை என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பாதிரியாரின் மனைவியைப் பற்றி ஒருமுறை பேச்சு வந்தபோது, "யாரு, சுண்டுவிரல் மடங்காதே, அந்த அம்மாவா?" என்று கேட்டார். அந்த அம்மாளுக்குச் சுண்டுவிரல் மடங்காது என்பது அன்றுதான் ஊருக்கே தெரிந்தது.

எங்கள் துறைமுக ஊரான ஸ்டவாங்கரில் பாதிப் பேர் மத்தி மீனைப் புகையில் வாட்டி டப்பாவில் அடுக்குகிறார்கள். மீதிப் பேர் அந்த டப்பாவைச் செய்கிறார்கள். தாரால்ட் இரண்டாவது கட்சி. டப்பாவுக்கு மூடி போட்டு விளிம்பை மடித்து இறுக்குகிற இயந்திரங்கள் அவர் பொறுப்பு. நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் நின்று நின்று காது பாதி போய்விட்டது. அதனால் எல்லோரிடமும் கத்தித்தான் பேசுவார். ரகசியம் என்றால் நம் காதருகே வந்து, கையை வாய்க்கு மறைவாக வைத்துக்கொண்டு, அதே கத்தல்.

அந்த இயந்திரங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைத் தகடு உண்டு. கண்டுபிடித்தவன் பெயர், அதன் கீழே 'பேட்டன்ட்', அதாவது காப்புரிமை, என்ற சொல். தினமும் எண்ணெய் போடும்போது அவற்றைத் துடைத்துத் துடைத்து இவருக்கும் ஆசை வந்துவிட்டது. பல வருஷங்களுக்கு முன்பே தனக்கென்று ஒரு தகடு செய்துகொண்டார். பின்பக்கத்திலிருந்து தட்டித் தட்டி, 'ஹெல்லெலாண்ட், பேட்டன்ட்' என்று எழுத்துகள் புடைத்து நிற்கும்படி செய்த சின்னத் தகடு. அது எப்போதும், கோட்டுக்கு உள்ளே அவர் போடுகிற இடுப்புச் சட்டையின் பையில் இருக்கும். பேசும்போதே விரல் அங்கே போய்த் தடவிவிட்டு வரும். தகடு தயார். மாட்டுவதற்குத்தான் ஒன்றும் அமையவில்லை.

கண்டுபிடிக்காமல் இல்லை. கண்டுபிடித்ததை வைத்துக்கொள்ளத் தெரியாது, அதுதான் கதை. காப்புரிமைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. மனு போய்ச் சேருவதற்கு முன்னால் அந்தப் பொருள் ஊரில் புழங்கியிருக்கக் கூடாது. புழங்கிவிட்டால் அது எல்லாருக்கும் சொந்தம், செய்தவன் வாயில் மண். இவரோ எதைச் செய்தாலும் அன்றைக்கே எவளாவது ஒருத்தி கஷ்டப்படுவதைப் பார்த்துவிடுவார். "பாவம், அந்தக் கை." போயிற்று.

புதிய ராஜா வந்த வருஷம், எங்கள் கடல் காற்றில் ஜன்னல் படபடவென்று அடிக்காமலிருக்க ஒரு கொக்கி செய்தார். தலைநகர் கிறிஸ்டியானியாவிலிருந்து காப்புரிமை ஏஜென்ட் ஒருவர் வந்திருந்தார். ஹோட்டல் அறையில் படத்தை விரித்துக் காட்டினார் தாரால்ட். ஏஜென்ட் நன்றாகப் பார்த்தார். பிறகு எழுந்து போய் அறை ஜன்னலைத் திறந்தார். அதில் அதே கொக்கி மாட்டியிருந்தது. ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவளின் அக்காவுக்கு இவர் ஒன்று கொடுத்திருக்கிறார், அங்கிருந்து அது நடந்தே போயிருக்கிறது.

அடுத்தது, ஊற்றும்போது விழாத காப்பிக் கெட்டில் மூடி. அதற்கும் அதே கதிதான். அவர் மனைவி மலேனா என் கடையில் நின்று, தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "ஊர்ல இருக்கிற கெட்டிலுக்கெல்லாம் மூடி போட்டாச்சு. இந்த மனுஷன் வாய்க்கு ஒரு மூடி போட ஆள் இல்லையே!"

இந்த வசந்தத்தில் செய்ததுதான் 'தாடை'. மத்தி டப்பாவைத் திறக்க இரண்டு கை வேண்டும். ஒன்று டப்பாவைப் பிடிக்க, ஒன்று மூடியின் நாக்கில் மாட்டிய சாவியைச் சுழற்றி மூடியைச் சுருட்ட. அப்படியும் எண்ணெய் சட்டையில் கொட்டாமல் திறந்தவர் இந்த ஊரில் இல்லை. தாரால்டின் தாடை ஒரு பலகை. மேசை விளிம்பில் மாட்டிவிட்டு டப்பாவை வைத்து, இடுப்பால் லேசாக ஒரு தள்ளு தள்ளினால் இரும்புத் தாடை கவ்விக்கொள்ளும். சாவியைச் சுழற்றச் சுழற்ற இன்னும் இறுகும். ஒரு கை போதும். டப்பா மட்டுமா? ரொட்டி, உருளைக்கிழங்கு, மீன் வால், எதைக் கொடுத்தாலும் பிடிக்கும்.

தொழிற்சாலை மேனேஜர் ஓப்ரஸ்டாட் அதைப் பார்த்துவிட்டு அசந்துபோனார். காப்புரிமை கிடைத்தால் தொழிற்சாலையே தாடையைச் செய்து விற்கும், ஒவ்வொன்றிலும் ஹெல்லெலாண்ட் பெயர் இருக்கும், அவருக்குப் பின்கட்டில் தனிப் பட்டறை, சத்தமில்லாத அறை என்று வாக்குக் கொடுத்தார். மலேனா அன்று என்னிடம் பெயரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "இன்னும் ஒரு வருஷம் அந்த மெஷின் கிட்ட நின்னா காது முழுசா போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார்க்கா. நான் கூப்பிடறது கேக்கறப்பவே வெளியே வந்துடட்டும். எனக்கு அது போதும்" என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியது, எனக்கும்தான்.

மனு திங்கட்கிழமைத் தபால் கப்பலில் போவதாக ஏற்பாடு. அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. தாடையைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள் மலேனா. தாரால்ட் என் கடைக்குத் திருகாணி வாங்க வந்து, கையை வாய்க்கு மறைவாக வைத்துக்கொண்டு, "அக்கா! யார்கிட்டயும் சொல்லாதீங்க! தாடை!" என்று ரகசியம் சொன்னார். எதிர்க்கடை மீன்காரன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். நான் சுத்தியலை எடுத்து ஒரு வாளியை டமடமவென்று அடித்து அந்தப் பேச்சை மூடினேன்.

ஹெல்லெலாண்ட் வீட்டுக்கும் சீவர்ட் வீட்டுக்கும் நடுவே ஒரு மரச் சுவர்தான். சீவர்ட் கப்பலில் வேலை பார்த்தவன். போன குளிர்காலத்தில் கயிறு இழுக்கும் இயந்திரம் அவன் இடக்கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டது. தனிக்கட்டை. யாராவது உதவ வந்தால், "ஏன், வாயும் போயிடுச்சுன்னு நெனச்சியா? வேணும்னா கேக்க மாட்டேனா?" என்று சீறுவான். கேட்கவும் மாட்டான். அவனுடைய பழைய கேப்டன் நெட்லாண்ட் நல்ல மனுஷர். "சமையல்காரன் வேலை காலியா இருக்குடா. ஆனா உனக்காக உதவிக்கு ஒரு ஆள் வைக்க முடியாது. சனிக்கிழமை மத்தியானம் கப்பலுக்கு வந்து, ஒத்தக் கையால எல்லாருக்கும் சோறு போட்டுக் காட்டு. சாயங்காலம் நங்கூரம் தூக்கிடுவோம்" என்று சொல்லியிருந்தார். அது கைவிட்டுப் போனால் ஏழைகள் விடுதிதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாரால்ட் வாங்காமல் விட்டுப்போன பாக்கித் திருகாணிகளைக் கொடுக்க நான் ஹெல்லெலாண்ட் வீட்டுக்குப் போயிருந்தேன். மலேனா காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ தரையில் விழுந்து உருண்டது. ஒரு வசவு. மறுபடி விழுந்தது. மறுபடி வசவு. தாரால்டுக்கு எதுவும் கேட்கவில்லை, ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இத்தோட எத்தனை தரம் போட்டுட்டான் அந்த டப்பாவை" என்று மலேனா வாய்க்குள் முணுமுணுத்தாள்.

எதைக் கத்தினாலும் கேட்காத மனிதருக்கு அது கேட்டுவிட்டது. "எந்த டப்பா?" என்றார். மலேனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். காலம் கடந்துவிட்டது. அவர் எழுந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். அடுத்த தரம் டப்பா விழுந்தபோது அந்த அதிர்வு அவர் கைக்குத் தெரிந்தது. திரும்பியபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தாரால்ட்! உட்காருங்க! திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாதா?" என்று அவர் காதிலேயே கத்தினேன்.

"கப்பல் பொறுக்குமாக்கா?"

"நாளைக்கு அந்தக் கப்பல்ல அத்தனை பேர் முன்னாடி தாடையை மாட்டினா, உங்க பேட்டன்ட் அதோட அம்போதான்! தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றார். விரல் இடுப்புச் சட்டைப் பைக்குப் போய்த் தகட்டைத் தடவியது. "தெரியுமேக்கா. ஆனா பாவம், அவனுக்கு இருக்கிறது ஒரே கை."

நான் மலேனாவைப் பார்த்தேன். இவளாவது நாலு வார்த்தை கேட்பாள் என்று நினைத்தேன். அவள் காப்பிக் கெட்டிலை அடுப்பில் வைத்தாள், இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தாள். "நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு, முழங்காலிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து துணிச்சுருளை இழுத்து எடுத்தாள். அவர் கையில் கொடுக்கும்போது மட்டும் ஒரு நிமிஷம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தாரால்டின் பின்னாலேயே நானும் போனேன். சீவர்ட் கதவைத் திறந்ததும் சண்டைக்கு வந்தான். "இரக்கப்பட்டு எதையும் தூக்கிட்டு வராதீங்க!"

"இரக்கமா? சோதனைடா! ஒத்தக் கை ஆள் எனக்குக் கிடைக்கலை, நீதான் இருக்கே!" என்று தாரால்ட் கத்தினார். அவன் கதவை விட்டு விலகி வழி விட்டான்.

மேசையில் தாடையை மாட்டினார்கள். டப்பா வழுக்கியது. தாரால்ட் தன் வீட்டில் சோதித்ததெல்லாம் துடைத்துக் காயவைத்த டப்பாக்களில். சமையல்காரன் கையிலோ எண்ணெய், டப்பாவிலும் எண்ணெய், பலகையிலும் எண்ணெய். சீவர்ட் உதட்டைக் கோணி, "நல்ல சோதனை" என்றான். அரத்தால் தாடைக்குப் பல் வெட்டிப் பார்த்தார் தாரால்ட். பல் கடித்தது, ஆனால் டப்பாவைக் கிழித்து எண்ணெயை ஒழுகவிட்டது. கூர்மையாக இருக்கக் கூடாது, வழவழப்பாகவும் இருக்கக் கூடாது. மொண்ணையாகப் புடைத்திருக்கிற ஏதாவது வேண்டும். அவர் நெற்றியைச் சொறிந்தார். யோசனை வந்தால் விரல் போகிற இடத்துக்குப் போயிற்று. போன விரல் அங்கேயே நின்றது.

"வேண்டாம், தாரால்ட்" என்றேன். எனக்குப் புரிந்துவிட்டது.

அவர் தகட்டை வெளியே எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து, எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவினார். "புடைச்சிருக்கு, மொண்ணையாவும் இருக்கு. வழுக்காது, கிழிக்காது" என்றார். பிறகு எழுத்துள்ள பக்கம் டப்பாவைப் பார்க்க, தாடையின் உள்ளே வைத்து, துளை போட்டுத் திருகாணியால் முடுக்கினார். என் கடைத் திருகாணிதான். பெயர் உள்ளே போய்விட்டது. சீவர்ட் எண்ணெய் சொட்டுகிற டப்பாவை வைத்து இடுப்பால் தள்ளினான், சாவியைச் சுழற்றினான். மூடி சுருண்டு வந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. அவன் அந்த மீன்களைப் பார்த்துக்கொண்டே நின்றான், அன்றைக்கு வேறு வசவு எதுவும் அவன் வாயிலிருந்து வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கப்பல் போனபோது சீவர்ட் அதில் போனான். நல்ல காரியம்தான். ஆனால் அன்று சாப்பிட வந்திருந்த பக்கத்துக் கப்பல் கேப்டன்கள் தாடையைச் சுற்றி நின்று வாய் பிளந்திருக்கிறார்கள். துறைமுகக் கொல்லன் ஒருவன் அங்கேயே கரித்துண்டால் அதைப் படம் வரைந்துகொண்டானாம். அடுத்த வாரமே அவன் பட்டறை வாசலில் தாடைகள் தொங்கின. மேனேஜர் ஓப்ரஸ்டாட் இவரைத் திட்டவில்லை, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பட்டறைப் பேச்சு அதோடு நின்றது. தாரால்ட் அதே இயந்திரங்களுக்கு எண்ணெய் போடுகிறார். மலேனா இப்போதெல்லாம் அவரைக் கூப்பிடுவதற்குத் தோளைத் தொடுகிறாள்.

போன வாரம் சீவர்ட்டின் கப்பல் திரும்பி வந்து நின்றது. சமையல்கட்டுக் குப்பையைத் துறையில் கொட்டியிருந்தார்கள், கடல் காகங்கள் கொத்திக்கொண்டிருந்தன. என் காலில் ஒரு காலி டப்பா இடறியது. எடுத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் லேசாக வரிவரியாக அமுங்கியிருந்தது. எழுத்து. கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருந்தாலும், நான் அந்த எழுத்துகளை அறியாதவளா? அடுத்த டப்பாவை எடுத்தேன், அதிலும் இருந்தது. குவியலில் இருந்த எல்லா டப்பாவிலும் இருந்தது. ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மத்தியான மணி அடித்ததும் தொழிற்சாலை வாசலில் போய் நின்று, டப்பாவை அவரிடம் நீட்டினேன். வழக்கம்போல முதலில் என் கையைப் பார்த்தார். பிறகு டப்பாவைத் திருப்பி, விளிம்பு மடிப்பில் விரலை விட்டுப் பார்த்து, "கிழியலை! பாத்தீங்களாக்கா, எங்கயும் கிழியலை!" என்று தெருவே கேட்கக் கத்தினார். "பக்கத்துல பாருங்க" என்றேன். கேட்கவில்லை. அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.

கட்டைவிரல் ஒவ்வொரு எழுத்தாகப் பின்னாலிருந்து முன்னால் நகர்ந்தது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து நகர்ந்தது. அப்புறம் அவர், ஓரத்தில் எண்ணெய் ஒட்டியிருந்த அந்த டப்பாவைத் துடைக்கக்கூட இல்லாமல், தகடு இருந்த இடுப்புச் சட்டைப் பைக்குள் அப்படியே செருகிக்கொண்டார்.