மீன்கடை ஐஸில் ஓர் ஆறு

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். நிலவியல் முதுகலையில் லடாக்குக்குக் களப்பயணம் என்றார்கள். பனி உருகி ஓடும் ஆறுகளை நேரில் பார்க்கலாம். சம்மதப் படிவத்தில் அப்பா கைநாட்டு வைத்தால் போதும். அதுதான் கிடைக்கவில்லை.

"எப்பா, அங்க வெயில் ஏற ஏற ஆத்துல தண்ணி கூடும். காலையில நடந்த இடத்துல சாயந்தரம் கால் வைக்க முடியாது" என்று பெருமையாக விளக்கினேன்.

அப்பாவுக்குச் சிரிப்பு. "வெயிலடிச்சா குத்தாலத்துல பாறைதான் தெரியும். அங்க மட்டும் வெள்ளம் வருதாக்கும். ஏட்டி, காலேஜுல இதையா சொல்லிக் குடுக்காவ?"

விடுவேனா? தென்காசி மீன்கடையில் ஒரு வாளி நொறுக்கிய ஐஸ் வாங்கி வந்தேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்து, ஈர மணல் பரப்பி, மேல்பக்கம் ஐஸைக் குவித்தேன். மணல் நடுவே ஒரு தீப்பெட்டி. "இது எங்க டெண்ட்."

முதலில் வந்தது பூனைதான். "ஒன் பனிமலையில மீன் வாடை அடிக்கே" என்றாள் அம்மா.

உச்சி வெயிலில் ஆறும் வந்தது. மேலே மணலை அரித்து, சரிவு குறைந்த இடத்தில் கொட்டியது. தான் கொட்டிய மணலே வழியை மறிக்க, இரண்டாகப் பிரிந்தது; பிறகு நான்காக. பழைய வழி காய்ந்தது. புதியது ஒன்று கரையை அறுத்தது. தினமும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற அப்பா குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"பாத்தியளா? ஆறு இப்படித்தான் இடம் மாறிக்கிட்டே இருக்கும்."

"பாத்தேன். ஒன் டெண்ட்டு எங்க?"

தீப்பெட்டி தகரத்தின் அடிவிளிம்பில் நனைந்து கிடந்தது.

அப்பா படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நீ சொன்னது நெசந்தான். அதனால நீ போவாண்டாம்."

அம்மா தீப்பெட்டியை எடுத்துத் துடைத்து, பக்கத்தில் இருந்த செங்கல்லின் மேல் வைத்தாள். "மேட்டுல போட்டுக்கிடுவா. படிச்ச புள்ளல்லா." பாராட்டா, கேலியா என்று எனக்கு இன்றும் தெரியாது.

"அப்படின்னு இதுல போட்டிருக்கா?" என்று படிவத்தை வெளியே எடுத்து நீட்டினார் அப்பா.

போடவில்லை. பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினேன்: 'மாணவி மேட்டில் மட்டுமே தங்குவார்.' இரண்டு முறை வாசித்துக் காட்டச் சொன்னார். பிறகு கைநாட்டு வைத்தார், அதற்கென்று விட்டிருந்த கட்டத்தில் அல்ல, நான் எழுதிய வரியின் பக்கத்தில்.