பிரஸ் ஷாப்பில் பழகிய பாட்டு

வனமாமலைக்குப் பிறவியிலேயே வந்த குரல் என்று எதுவும் கிடையாது. ஆசைதான் இருந்தது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த புதிதில், பிள்ளைப்பாக்கத்துச் செந்தமிழனின் மெல்லிசைக் குழுவுக்குப் பாட ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய் நின்றான். செந்தமிழன் எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவர். திருவிழாக் காலம் வந்தால் கீபோர்டைத் தூக்கிக்கொள்வார். இவன் இரண்டு வரி பாடுவதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“இன்னா தம்பி, சுதி ஒரு பக்கம் போவுது, நீ ஒரு பக்கம் போய்க்கினு கீற. வூட்டுக்குப் போயி நல்லா கத்துக்கினு வா.”

ஆளை அனுப்புவதற்காகச் சொன்ன வார்த்தை அது. வனமாமலை அதை நிஜமென்று எடுத்துக்கொண்டான்.

அறையில் பாட வழியில்லை. ஆறு பேர் தங்கும் அறை; எந்நேரமும் யாராவது ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்குவார்கள். “ஏல, வாய மூடுதியா, இல்ல தலவாணிய வச்சு அமுக்கட்டுமா?” என்பான், ஊரிலிருந்து கூடவே வந்த நம்பிராஜன். மொட்டை மாடிக்குப் போனால் வீட்டுக்காரம்மா கீழேயிருந்து சத்தம் போடுவாள். கடைசியில் இடம் கிடைத்தது கம்பெனிக்குள்ளேதான்.

கார் கதவுக்கான தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் அவனுக்கு வேலை. பக்கத்தில் நிற்பவனின் காதருகே போய்க் கத்தினால்தான் அங்கே பேச்சு கேட்கும். பிரஸ் இடிக்கும் அந்த இடிக்குள் ஒருவன் தொண்டை கிழியப் பாடினாலும் யாருக்கும் தெரியாது. இடிக்கும் இடிக்கும் நடுவே மோட்டார் ஒரே சீராக ரீங்கரிக்கும். அதையே தம்புராவாக வைத்துக்கொண்டான். காதை அடைக்கக் கம்பெனி கொடுத்த இயர் பிளக்கைப் போட்டால் அந்த ரீங்காரம் மழுங்கிவிடுகிறது என்று, சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பியதும் இடது காதில் இருப்பதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வான்.

ஒரு ஷிஃப்ட் முழுக்க ஒரே வரியைப் பாடுவான். மறுநாளும் அதே வரிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் உட்கார்ந்து செல்போனில் பதிவு செய்து கேட்பான். தன் குரலைக் கேட்டு வெட்கப்பட்டு, அழித்துவிட்டு மறுபடி பாடுவான். ஒவ்வொரு ஆடி மாதமும் செந்தமிழன் வீட்டு வாசலில் போய் நிற்பான். ஒவ்வொரு முறையும் அவர் கையைக் காட்டினார். ஒரு வருடம் மட்டும் காட்டவில்லை. பாட்டு முடியும்வரை கீபோர்டின் மேல் விரல் வைத்தபடியே இருந்தார்.

“யாராண்ட கத்துக்கின?”

“மெஷின்கிட்டண்ணே.”

அவர் சிரித்தார். அந்த ஆடியில் மாரியம்மன் கோவில் மேடையில் அவன் பாடினான். கூட்டம் இன்னொரு பாட்டு கேட்டது. நம்பிராஜன் செல்போனைத் தூக்கிப் பிடித்து ஊரிலிருக்கும் அவன் அம்மா உலகம்மாளுக்குக் கேட்க வைத்தான். “எம்புள்ளையா பாடுதான்?” என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாளாம்.

ஊர் ஊராகப் போனார்கள். அடுத்த ஆடி வருவதற்குள் அவன் காதுக்குள் பூச்சி கத்துவதுபோல் ஓயாத இரைச்சல் ஒன்று ஆரம்பித்தது. பிறகு மேடையில் செந்தமிழன் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்க்கலானார். ஒரு நாள் ஓரமாகக் கூப்பிட்டார்.

“மேல போறப்ப சுதி வெலகுதுப்பா. உனக்குத் தெரியலையா?”

தெரியவில்லை. செல்போனில் பதிவு செய்து கேட்டான், சரியாகத்தான் இருந்தது. நம்பிராஜனிடம் கொடுத்தான். அவன் கேட்டுவிட்டு, “எனக்கென்னல தெரியும் பாட்டப் பத்தி” என்று எழுந்து போய்விட்டான்.

வனமாமலைக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். கூடுதலாகப் பழகினான். இரண்டு காதிலும் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பழகினான். பழகப் பழகத் தவறு தொண்டையில் நன்றாக ஊன்றிக்கொண்டது.

கடைசியில் போய்ப் பார்த்த காது டாக்டர் ஒவ்வொரு காதிலும் தனித்தனியாகச் சத்தம் விட்டுச் சோதித்தார். “ஒரே சத்தம் உனக்கு இடது காதுல ஒரு மாதிரி, வலது காதுல ஒரு மாதிரி கேக்குது. நரம்பு அடிவாங்கிருக்கு. போனது திரும்ப வராது. மிச்சத்தையாவது காப்பாத்திக்க.”

“பழகுனா சரியாவுமா சார்?”

“காதுக்கு எப்படிப்பா பழக்குறது?”

இத்தனை வருடமும் முடியாது என்று பிறர் சொன்ன எதையும் அவன் நம்பியதில்லை. இன்னும் கொஞ்சம் பாடினால் ஆயிற்று என்றே இருந்தான். இப்போது பாடித் தீர்க்க ஒன்றுமில்லை. சூப்பர்வைசரிடம் கெஞ்சிப் பேக்கிங்குக்கு மாறிக்கொண்டான். அங்கே அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் பூச்சி இன்னும் பலமாகக் கத்தியது.

அவன் மேடையை விட்டபின், செந்தமிழன் குழுவில் கவிப்பிரியா என்ற பெண் பாடச் சேர்ந்தாள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு திருவிழாவில் அவளுடைய முதல் மேடை. செந்தமிழனே போன் செய்து, “சும்மா வந்து குந்திக்கினு கேளுப்பா” என்றார். போனான். ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, கூட்டத்தின் நடுவில் நின்றான். அவள் மேல் ஸ்தாயியில் நெடுநேரம் நின்றாள். அந்த ஸ்வரம் சேர்ந்ததா, விலகியதா? இடது காதைப் பொத்திக் கேட்டான். வலது காதைப் பொத்திக் கேட்டான். புரியவில்லை. பக்கத்திலிருந்தவர் கை தட்டினார். அவரைப் பார்த்துவிட்டு வனமாமலையும் தட்டினான்.